போர்க்களத் தகவல் முறைமையில் சேவைசார் கட்டமைப்பு: ரேடியோவில் ஏற்றினால் எங்கே உடையும்?

#1 உவர்மலைப்பொடியன்

எல்லாருக்கும் வணக்கம். இறுதியாண்டுச் செயற்திட்டத்துக்குச் சேவைசார் கட்டமைப்பில (ஒவ்வொரு வேலையையும் தனிச் சேவையாப் பிரிச்சு வலையால கூப்பிடுற முறை) ஒரு போர்க்களத் தகவல் முறைமை. இப்போதைக்கு வரைபடம் இப்பிடி இருக்கு: தலைமையகத்தில ஒரு சேர்வர்க் கூட்டம். அதில அஞ்சு சேவை: வரைபடம், எங்கட அணிகளின்ர இருப்பிடம், எதிரி பற்றின அவதானிப்பு, வழங்கல், காயப்பட்டவரை வெளியேற்றுறது. எல்லாம் ரெஸ்ட் (இணையப் பக்கம்போலக் கேள்வி-பதில் முறை), ஜேசன் (தரவை எழுத்தா எழுதுற வடிவம்). எந்தச் சேவை எங்க இருக்கெண்டு சொல்ல ஒரு மையப் பதிவேடு. களத்தில 100 கைக்கணினி. ஒவ்வொண்டும் 10 செக்கனுக்கு ஒருக்கா தன்ர இடத்தை அனுப்பும், மற்றவையின்ர இடத்தை இழுக்கும்.

வைஃபையில சோக்கா ஓடுது. மேற்பார்வையாளர் கேட்டது ஒரே கேள்வி: ரேடியோவில ஓடுமோ? எங்க உடையும் எண்டு தெரிஞ்சவை சொல்லுங்கோ.

#2 துறைமுகவீதி (நெறியாளர்)

தொடங்க முதல் ஒன்று. எங்கள் திருகோணமலை எப்படிப்பட்ட ஊர் என்பது எல்லோருக்கும் தெரியும். இங்குள்ள முகாம், கோபுரம், அலைவரிசை, படகு நடமாட்டம் எதுவும் இந்த இழையில் வரக்கூடாது. வெளியில் அச்சான தரநிலைகள், ஆய்வறிக்கைகள், லப்டொப்பில் செய்யக்கூடிய சோதனைகள், இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மீறினால் பதிவு போகும்.

#3 கொட்டியாரக்காற்று

தம்பி, முதல்ல கணக்கைப் போடுவம்.

வி.எச்.எஃப். (கிட்டத்துக்குப் பேசுற அலை) களரேடியோவில செக்கனுக்கு 16 கிலோபிட் எண்டது பழகின அளவு. அது ஒருத்தருக்குத் தனிய இல்லை. அந்த வலையில நிக்கிற எல்லாரும் பங்குபோடுறது. ஒருத்தர் அனுப்பேக்க மற்றவர் பொறுக்க வேணும். அதே செற்றில குரலும் போகுதெண்டால் தரவு பின்னுக்கு நிக்கும். எச்.எஃப். (அயனமண்டலத்தில பட்டுத் தூரம் போற அலை) எண்டால் 3 கிலோஹேர்ட்ஸ் தடத்தில மில்-ஸ்ரான்டர்ட் 188-110பி (அமெரிக்கப் படைத் தரநிலை) மொடம் செக்கனுக்கு 75 பிட்டில இருந்து 9600 பிட் வரைக்கும். அயனமண்டலம் ஒத்துழைச்சு 1200 நிலையா நிண்டால் சந்தோசப்படுங்கோ.

சோப் (செய்தியை எக்ஸ்.எம்.எல். எழுத்தில சுத்தி அனுப்புற முறை) உறைக்குள்ள வைச்ச ஒரு இருப்பிடச் செய்தி 2000 பைட்டை இலேசாத் தொடும். 16,000 பிட். 1200 இல அது 13 செக்கன். அதில எக்ஸ்.எம்.எல். கையொப்பமும் சான்றிதழும் ஏத்தி 6000 பைட் ஆக்கினால் 40 செக்கன். உங்கட 10 செக்கன் தவணை அங்கயே முடிஞ்சுது. ஜேசன் இதைவிடச் சின்னன்தான், ஆனால் எச்.ரி.ரி.பி. தலைப்பு மட்டுமே சில நூறு பைட் தின்னும். 16 கிலோபிட் வலையிலயும் தப்ப ஏலாது: 100 முனை, 2000 பைட், 10 செக்கனுக்கு ஒருக்கா எண்டால் செக்கனுக்கு 160 கிலோபிட். பத்து மடங்கு. அதுவும் அனுப்புறது மட்டும். நீங்க இழுக்கிறதையும் சேர்க்கேல்லை.

இப்ப அதையே இருமத்தில (எழுத்தா இல்லாமல் நேரா பிட்டா) கட்டுங்கோ. அகலாங்குக்கு 24 பிட், நெட்டாங்குக்கு 24 பிட். நெட்டாங்கில ஒரு படி நடுக்கோட்டில கிட்டத்தட்ட 2.4 மீற்றர், அகலாங்கில அதில பாதி. வரைபடத்தில குறி வைக்கப் போதும். முனை இலக்கம் 2 பைட், நேரம் 2, வகை 1, வேகம் 1, திசை 1. மொத்தம் 13 பைட். யூ.டி.பி.யும் (ஒப்புக்கை பாக்காமல் அனுப்பிவிடுற நெறிமுறை) ஐ.பி.வி.4 உம் 28 பைட் தலைப்புப் போடும், ஆகமொத்தம் 41. நூறு முனைக்கும் சேர்த்து செக்கனுக்கு 3.3 கிலோபிட். 16 க்குள்ள அடங்கும், தட அணுகலுக்கும் குரலுக்கும் இடம் மிஞ்சும்.

41 இல 28 தலைப்பு எண்டதைக் கவனிச்சீங்களோ? ஒரு பிரிவில பத்துப் பேரின்ர இருப்பிடத்தைப் பிரிவுத் தலைவற்ற செற் ஒரே பொதியாக் கட்டினால் 158 பைட். தனித்தனியா விட்டால் 410. அதோட, ஒரு பொதிக்கு ஒருக்காத்தான் தடத்துக்குப் போட்டிபோடுறது. பத்துத் தரம் இல்லை. மிச்சம் பெரும்பாலும் அதிலதான் கிடைக்கும்.

நேரத்துக்கு 16 பிட் வைச்சால் 65,536 செக்கனில, அதாவது 18 மணி 12 நிமிசத்தில, திரும்பப் பூச்சியத்துக்கு வரும். வாங்கிற பக்கம் இதைக் கணக்கெடுக்காட்டில் நேற்று மத்தியானத்து இருப்பிடம் இண்டைக்குக் காலமைப் படத்தில புதுசா ஏறும்.

எட்டுற தூரத்தையும் சொல்லிவிடுறன். அன்ரனா உயரம் மீற்றரில எடுத்து, இரண்டின்ர வர்க்கமூலத்தையும் கூட்டி, 4.12 ஆல பெருக்கினால் ரேடியோத் தொடுவானம் கிலோமீற்றரில வரும். ரெண்டு பக்கமும் 2 மீற்றர் எண்டால் 11.7. ஒண்டை 9 மீற்றர் கம்பத்தில ஏத்தினால் 18. குடாவுக்கு மேலால திறந்த தண்ணியில இது சரிவரும். உள்துறைமுகத்தைச் சுத்தின மேடுகளுக்குப் பின்னால ஒருத்தர் இறங்கினால் சூத்திரத்தை மடிச்சு வைக்க வேண்டியதுதான். களத்தில அறுபடுறது விபத்து இல்லை தம்பி, அதுதான் வழமை. உங்கட வரைபடத்தில அறுபட்ட நிலைக்கு ஒரு கோடுகூடக் காணேல்லை.

#4 வெருகலாள்

காற்று அண்ணை அளவைச் சொல்லிவிட்டார். நான் கட்டமைப்புப் பக்கம் வருகிறேன்.

இந்தக் கேள்வி புதிதில்லை. 2003 இல் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் தன் வலைமையத் தரவு உத்தியை வெளியிட்டது. யார் பயன்படுத்தப் போகிறார்கள் என்று முன்கூட்டியே தெரியாவிட்டாலும், தரவைக் கண்டுபிடிக்கவும் எடுக்கவும் விளங்கிக்கொள்ளவும் கூடியதாக வை என்பது அதன் சாரம். சோப் 1.2 பரிந்துரையானதும் அதே ஆண்டுதான். வணிக உலகில் ஓடுவதை அப்படியே களத்துக்குக் கொண்டுபோகலாம் என்ற நம்பிக்கை அப்போது பலமாக இருந்தது. முதுகெலும்பு வலையில், நார்க்கம்பி உள்ள தலைமையகங்களுக்கு இடையில், அது பெரும்பாலும் சரியாகவே வந்தது. கீழே இறங்க இறங்கத்தான் சிக்கல்.

அந்தக் கீழ்ப்பகுதியைத்தான் நேட்டோவின் ஐ.எஸ்.ரி.-090, அதன்பின் ஐ.எஸ்.ரி.-118 ஆய்வுக்குழுக்கள் எடுத்துக்கொண்டன. நோர்வேயின் எஃப்.எஃப்.ஐ., ஜெர்மனியின் ஃப்ரௌன்ஹோஃபர் எஃப்.கே.ஐ.ஈ. போன்ற இடங்களில் இருந்து நிறைய வேலை வந்திருக்கிறது. தம்பி வாசிக்க வேண்டியது அதுதான். அங்கே திரும்பத் திரும்ப வரும் யோசனை: செயலியைத் தொடாதே, இணைப்பின் இரண்டு கரையிலும் ஒரு பிரதிநிதியை வை. செயலி வழக்கம்போலத் தன் பக்கத்தில் உள்ள பிரதிநிதியோடு எச்.ரி.ரி.பி.யில் பேசும். பிரதிநிதி அதைச் சுருக்கி, ரேடியோவுக்குப் பொருந்தும் நெறிமுறையில் அனுப்பும். இணைப்பு இல்லையென்றால் வைத்திருந்து பிறகு அனுப்பும். எஃப்.எஃப்.ஐ.யின் டி.எஸ்.புரொக்சி இந்த வகைதான்.

சுருக்குவதைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஜிஸிப் என்ற சுருக்கும் முறை தன் தலைக்கும் வாலுக்குமே 18 பைட் எடுக்கும். 13 பைட் செய்திக்கு அதைப் போட்டால் பெருக்கும். பெரிய எக்ஸ்.எம்.எல். ஆவணத்துக்கு ஜிஸிப் நல்லது. சிறிய, ஒரே அச்சில் வரும் செய்திக்கு, இரண்டு பக்கமும் அமைப்புவரைவை முன்கூட்டியே வைத்திருக்கும் ஈ.எக்ஸ்.ஐ. (எக்ஸ்.எம்.எல்.லின் இரும வடிவம்) நல்லது. இணையத் தரநிலை அமைப்பான டபிள்யூ3சி அதை 2011 இல் பரிந்துரையாக்கியது. ஆனால் இரண்டு பக்கமும் ஒரே பதிப்பு இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் புதிய வரைவுக்குப் போனால் வாசிக்கவே முடியாத குப்பை வரும், அதுவும் பெரும்பாலும் பிழைச்செய்தி எதுவும் இல்லாமல். தலைப்பில் ஒரு பைட் பதிப்பு இலக்கத்துக்கு ஒதுக்குங்கள். இரக்கம் பார்க்காதீர்கள்.

#5 கிண்ணியா_நானா

தம்பி, அளவ மட்டும் சின்னனாக்கினா வேல முடிஞ்சிட்டென்டு நெனக்க வாணாம். ஒங்கட ரெஸ்ட் ஓடுறது ரி.சி.பி. (ஒப்புக்கை வராட்டி திரும்ப அனுப்புற நெறிமுறை) மேல. அது கம்பிக்குப் பொறந்தது.

எச்.எஃப். மொடத்துல நீண்ட இடைச்செருகல் (பிட்டுகளக் கலைச்சி அனுப்பி, கொத்தாத் தொலையிறதத் தாங்குறது) போட்டா 4.8 செக்கன் ஒரு தொகுதி. அனுப்புற பக்கம் நெரப்பணும், வாங்குற பக்கம் பிரிக்கணும், பொறகு ரேடியோ அனுப்பல்லேர்ந்து கேக்கிறதுக்கு மாறணும். போய்வர 20 செக்கன் என்டு வெச்சுக்கோங்க. இப்ப 6.5 க்கு முந்தின லினக்ஸ் ஒன்டு இணைப்புக் கோரிக்க அனுப்புது. தொடக்கக் காத்திருப்பு 1 செக்கன், பொறகு ரெண்டு ரெண்டு மடங்கு. பதில் 20 ஆம் செக்கன்ல வாறதுக்கு முந்தி 1, 3, 7, 15 ஆம் செக்கன்ல நாலு நகல் போய்ரும். ஒன்டும் தொலயல்ல, எல்லாம் போய்க்கிட்டுத்தான் இரிக்கி, ஆனா அஞ்சு பொதி வரிசைல.

அதுக்கு மேல மறைகுறியாக்கத்துக்கான ரி.எல்.எஸ். 1.2 முழுக் கைகுலுக்கல் ரெண்டு போய்வரல். ரி.சி.பி.க்கு ஒன்டு, கேள்விக்கும் பதிலுக்கும் ஒன்டு. நாலு இருவது எம்பது செக்கன், ஒரு இருப்பிடத்துக்கு! ரி.எல்.எஸ். 1.3 ஒன்டக் கொறைக்கும். அவ்வளவுதான்.

இதவிட மோசமான ஒன்டு இரிக்கி, ஆக்கள் கவனிக்கிறதில்ல. இணைப்பு பத்து நிமிசம் அறுந்து திரும்ப வருது. இதுக்குள்ள ரி.சி.பி.யின்ட மறு அனுப்பல் இடைவெளி 120 செக்கனுக்கு ஏறி இருக்கும். மேட்டுல ஒரு வாகனம் ஏறினதால ஒரு நிமிசம் மட்டும் சிக்னல் கெடச்சா, அந்த ஒரு நிமிசமும் ரி.சி.பி. சும்மா குந்திக்கிட்டு இரிக்கலாம். தடம் தெறந்து கிடக்கு, அனுப்ப விசயம் இரிக்கி, ஆனா ஒன்டும் போகல்ல. கடைசில கைவிடுறதுக்கு லினக்ஸ் வழமையா எடுக்கிறது 15 நிமிசத்துக்குக் கொஞ்சம் மேல. அதுவரைக்கும் மேல உள்ள செயலிக்கு ஒரு பிழையும் வராது. திரைல சின்ன வட்டம் சுத்தும்.

அதனால ரேடியோத் தாவல்ல ரி.சி.பி. வாணாம். பிரதிநிதிக்கும் பிரதிநிதிக்கும் இடையில யூ.டி.பி. மேல ஒங்கட சொந்த ஒப்புக்கை, இல்லாட்டி எச்.எஃப்.க்கென்டே எழுதின நேட்டோ தரநிலை ஸ்டனாக் 5066, ஒரே செய்தி பல பேருக்கென்டா ஏ.சி.பி. 142 இல உள்ள பி-மல். தேவயப் பாத்து எடுங்க.

#6 உவர்மலைப்பொடியன்

நானா, அக்கா, அண்ணை, நன்றி. அப்ப ரெஸ்டை எடுத்துப்போட்டு எம்.கியூ.ரி.ரி. போட்டால் சரியோ? தலைப்புக்கு 2 பைட்தான், வெளியிடு-சந்தா முறையும் (ஒருத்தர் வெளியிட, கேட்டு வைச்சவை மட்டும் வாங்கிறது) இருக்கு.

#7 வெருகலாள்

பாதி சரி. அதுவும் ரி.சி.பி. மேல்தான் ஓடுகிறது, நானா சொன்ன அத்தனையும் பொருந்தும். யூ.டி.பி.யில் ஓட எம்.கியூ.ரி.ரி.-எஸ்.என். என்று தனியே உண்டு. அதைவிட முக்கியம், புரோக்கர், அதாவது செய்தியை வாங்கிச் சந்தாதாரருக்குப் பிரித்துக்கொடுக்கும் சேர்வர், எங்கே இருக்கிறது என்பது. அது தலைமையகத்தில் மட்டும் இருந்தால், பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு வாகனங்கள் ஒன்றையொன்று காண, செய்தி தலைமையகம் போய்த் திரும்ப வேண்டும். தலைமையகத்தோடு தொடர்பு அறுந்தால் பக்கத்தில் நிற்பவரும் படத்தில் இருந்து போய்விடுவார். வாகனத்துக்கு ஒன்று, அல்லது பிரிவுக்கு ஒன்று வையுங்கள். புரோக்கர்களுக்கு இடையே பாலம் போடுங்கள்.

அடுத்தது, எல்லாச் செய்தியையும் ஒரே மாதிரி நடத்துவது. இதில்தான் மாணவர் வடிவமைப்புகள் பெரும்பாலும் விழுகின்றன. "செய்தி தொலையக்கூடாது" என்று எல்லாவற்றுக்கும் முதலாம் தரச் சேவையை (ஒப்புக்கை வரும்வரை செய்தியை வைத்திருப்பது) வைத்து வரிசையில் நிறுத்துவார்கள். 30 நிமிடம் இணைப்பு இல்லை என்று வையுங்கள். ஒரு முனைக்கு 180 இருப்பிடம், நூறு முனைக்கு 18,000. இணைப்பு வந்ததும் 41 பைட் வீதம் அது 16 கிலோபிட்டில் ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடும். அரை மணி பழைய இடங்கள் ஒழுங்காக, ஒன்றும் தொலையாமல் வந்து சேரும். இப்போது எங்கே நிற்கிறார்கள் என்பது அதற்குப் பின்னால் காத்திருக்கும்.

இருப்பிடத்துக்குக் கடைசி ஒன்று போதும். புதியது வந்தால் வரிசையில் உள்ள பழையதைத் தூக்கி எறியுங்கள். ஆயுட்காலம் 60 செக்கன் போடுங்கள். எம்.கியூ.ரி.ரி. 5 இல், 2019 இல் வந்த தரநிலை, செய்தி காலாவதிக்கு ஒரு புலம் உண்டு, பழைய 3.1.1 இல் இல்லை. கேர்சர் ஒன் ராகெற் (Cursor on Target) என்ற படைச் செய்தி வடிவத்தைப் பாருங்கள், அதில் எப்போது ஆக்கப்பட்டது, எப்போதிருந்து செல்லும், எப்போது பழசாகும் என்று மூன்று நேரம் இருக்கும். மூன்றாவதுதான் விலைமதிப்பானது. பழசான குறியைத் திரையில் மங்கலாக்க வேண்டும், அழிக்கக்கூடாது. அழித்தால் பார்ப்பவர் அங்கே ஆள் இல்லை என்று நினைப்பார்.

கண்ணிவெடி அறிக்கை அப்படியில்லை. அது பழசாகாது, ஒன்றும் தொலையக்கூடாது, பிந்தி வந்து சேர்பவருக்கும் போக வேண்டும். சூட்டு உதவிக் கோரிக்கைக்கு மனிதர் அழுத்திய ஒப்புக்கை வேண்டும். நெறிமுறை தரும் ஒப்புக்கை இயந்திரம் வாங்கியது என்பதை மட்டும்தான் சொல்லும்.

காயப்பட்டவரை வெளியேற்றும் கோரிக்கைக்கு ஒன்பது வரிப் படிவம் ஒன்று இருக்கிறதல்லவா? அதில் முதல் ஐந்து வரி கிடைத்தாலே வாகனம் புறப்படலாம்: இடம், அலைவரிசையும் அழைப்புப் பெயரும், அவசர வகைப்படி எத்தனை பேர், விசேட கருவி, படுத்த நிலையா நடக்கக்கூடியவரா என்பது. மிச்ச நாலும் வழியில் வரலாம். உங்கள் வெளியேற்றச் சேவை ஒன்பதும் நிரம்பினால்தான் அனுப்பும் பொத்தானை ஒளிரவிடுகிறதா? அப்படியென்றால் அதை இரண்டு செய்தியாகப் பிரியுங்கள்.

#8 ஆலங்கேணி_அலை

எல்லாரும் பழங்காலத்துச் சாமானைத் தூசி தட்டுறியள். சேவைசார் கட்டமைப்பு எப்பவோ முடிஞ்ச கதை. அமெரிக்க இராணுவத்தின்ர எஃப்.சி.எஸ். (எதிர்காலப் போர் முறைமைகள்) திட்டம் சொஸ்கோ எண்ட இடைமென்பொருளை நம்பித்தான் நிண்டது, 2009 இல திட்டத்தையே நிறுத்தினவை. இப்ப கொள்கலன் (செயலியையும் அதுக்கு வேண்டியதையும் ஒரே பொதியாக் கட்டுறது), நுண்சேவை. தம்பி கொள்கலன்களை நடத்துற குபர்னெட்டிசைப் படிச்சால் வேலையாவது கிடைக்கும்.

#9 கொட்டியாரக்காற்று

அலை, எஃப்.சி.எஸ். நிண்டதுக்குக் காசும் வாகனமும் பெரிய காரணம். சேவை எண்ட எண்ணத்தில பழி போட ஏலாது. கொள்கலன் விசயத்துக்கு ஒரு கணக்கு: 400 மெகாபைட் படிமம் 16 கிலோபிட்டில இறங்க 55 மணித்தியாலம், வேற ஒருத்தரும் வாயே திறக்காட்டில். தலைமையகத்தில குபர்னெட்டிஸ் வையுங்கோ, ஆர் மறுக்கினம்? வாகனத்துக்குள்ளயும் கொள்கலன் ஓடட்டும், ஆனால் படிமம் பட்டறையில வைச்சு வட்டில ஏத்தினதா இருக்க வேணும். களத்தில "புதுப் பதிப்பு இருக்கோ" எண்டு தானாத் தேடுற எல்லாத்தையும் நிப்பாட்டுங்கோ. இயங்குதளத்தின்ர இற்றைப்படுத்தல் ஒண்டே வலையை மூடும்.

#10 வெருகலாள்

அலை சொன்னதில் ஒரு உண்மை இருக்கிறது: ஒரே இடைமென்பொருளை மேலிருந்து கீழ்வரை ஓடவிட நினைத்த காலம் போய்விட்டது. பிரித்தானியாவின் டெஃப்-ஸ்டான் 23-09 வாகனக் கட்டமைப்பைப் பாருங்கள். வாகனத்துக்குள் ஈதர்நெட், அதன்மேல் டி.டி.எஸ். என்ற வெளியிடு-சந்தா இடைமென்பொருள். கமரா, ஆயுதநிலை, மின்சாரம் எல்லாம் ஒரே தரவு மாதிரியில் வெளியிடும், வேண்டியது சந்தா எடுக்கும். அது அங்கே அருமையாக ஓடும். அதே டி.டி.எஸ். கண்டுபிடிப்பை ரேடியோவுக்குத் திறந்துவிட்டால், ஒவ்வொரு பங்காளியும் மற்ற ஒவ்வொருவரோடும் அறிமுகமாகும். 100 பேருக்கு 9,900 திசைகள். ஒரு இருப்பிடம்கூடப் போக முன்னம் தடம் அறிமுகத்திலேயே நிரம்பிவிடும்.

ஆகவே மூன்று வளையமாக யோசியுங்கள். தலைமையகத்தில் ரெஸ்டோ சோப்போ, விருப்பம். வாகனத்துக்குள் டி.டி.எஸ். அல்லது உள்ளூர்ப் புரோக்கர். இடையில் உள்ள ரேடியோவில் இருமச் செய்தி, தேர்ந்தெடுத்த சில வகை மட்டும். வளையம் மாறும் இடத்தில் பிரதிநிதி. சேவை ஒப்பந்தம் மூன்றிலும் ஒன்றுதான்: இன்ன பெயர், இன்ன புலங்கள், இன்ன அலகு, இவ்வளவு நேரம் செல்லும். அது மாறாமல் இருந்தால் நாளைக்கு ரேடியோவை மாற்றினாலும் செயலியைத் திறக்க வேண்டியதில்லை.

#11 உவர்மலைப்பொடியன்

விளங்குது அக்கா. அப்ப மையப் பதிவேடு? அதில்லாட்டில் சேவை எங்க இருக்கெண்டு எப்பிடித் தெரியும்?

#12 கிண்ணியா_நானா

பதிவேடு தலைமையகத்துல இரிக்கட்டும், களம் அத நம்பி இரிக்கப்படா. பொறப்பட முந்தி சேவப் பட்டியலக் கைக்கணினில ஏத்திருங்க. படை ஒழுங்கு, அழைப்புப் பெயர், முனை இலக்கம் எல்லாம் எப்பிடியும் முந்தியே எழுதிக் குடுக்கிறதுதானே, அதோட சேத்து.

மாறக்கூடியதுக்கு மட்டும் உள்ளூர்க் கண்டுபிடிப்பு. டபிள்யூ.எஸ்.-டிஸ்கவரி 3702 ஆம் போர்ட்ல பலமுனை பரப்பல் செய்யும்; வந்தவன் ஹலோ சொல்லுவான், போறவன் பை சொல்லுவான். களத்துல போறவன் சொல்லிட்டுப் போறதில்ல. மேட்டுக்குப் பின்னால எறங்கினா பை வராது, பட்டியல்ல அவன் நின்டுகிட்டே இரிப்பான், மத்தவன் எல்லாம் அவனுக்கு அனுப்பி அனுப்பித் தடத்த நெரப்புவான். அதனால ஒவ்வொரு பதிவுக்கும் ஆயுட்காலம். இருப்பிடச் செய்தியையே உயிர்க்குறியா எடுங்க, தனியா ஒரு "இரிக்கன்" செய்தி வாணாம். இருப்பிடத்துல ஒரு பைட் கூட்டி எட்டுச் சேவைக்கு எட்டுப் பிட் வெச்சா, எந்த முனைல எந்தச் சேவ ஓடுது என்டு பத்துச் செக்கனுக்கு ஒருக்கா சும்மாவே தெரிஞ்சிரும். பதினாலு பைட்.

#13 கொட்டியாரக்காற்று

நுழைவாயிலைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை, அதில பேய் வரும்.

இருப்பிடம் ரேடியோ வலையில இருந்து தலைமையகத்துக்கு ஒரு நுழைவாயிலால போகுது. வேற ஒரு நுழைவாயிலால அதே தலைமையகப் படம் திரும்ப ரேடியோ வலைக்கு வருது. இடையில ஒண்டு புது இலக்கம் குடுத்துது எண்டால், ஒரே வாகனம் படத்தில ரெண்டாத் தெரியும், ஒண்டு 30 செக்கன் பின்னால இழுபடும். ரெண்டும் திரும்பச் சுத்தினால் நாலு. ஆள் இல்லாத இடத்தில எங்கட ஆள் நிக்கிறமாதிரி ஒரு குறி, அதைவிட ஆபத்தானது வேற என்ன?

நேட்டோப் படைகளின்ர தரவு வலையான லிங்க் 16 இதைக் கடுமையான ஒழுங்கால சமாளிக்குது. 7.8125 மில்லிசெக்கன் நேரத்துண்டு, 12 செக்கன் சட்டத்துக்கு 1536 துண்டு, ஆர் எப்ப பேசுறதெண்டு முன்கூட்டியே எழுதினது. அதோட ஒரு இலக்கைப் பல ரேடார் கண்டாலும், நல்ல தரத்தில காணுறவருக்குத்தான் அதை அறிவிக்கிற பொறுப்பு. மற்றவை வாயை மூடோணும். உங்கட முறைமையில மூல முனை இலக்கமும் அதின்ர தொடரிலக்கமும் எந்த நுழைவாயிலிலயும் மாறக்கூடாது. கண்ட சோடியைத் திரும்பக் கண்டால் எறி. ஒரு வலையில இருந்து வந்ததை அதே வலைக்குத் திருப்பி விடாதே. இந்த மூண்டும் காணும்.

#14 துறைமுகவீதி (நெறியாளர்)

நெறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு ஒரு இடைச்செருகல். தம்பிக்கு அறிக்கையில் ஒரு உதாரணம் வேண்டுமென்றால் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. 1942 ஏப்ரல் 8 அன்று கற்றலினா விமானம் ஒன்று ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு அறிவித்தது. அன்றிரவே துறைமுகத்திலிருந்த கப்பல்கள் வெளியே அனுப்பப்பட்டன. 9 ஆம் திகதி காலை தாக்குதல் வந்தபோது சீனன்குடாவில் இருந்து ஹரிக்கேன்கள் மேலே ஏறின. அதே காலை ஹேர்மிஸ் விமானந்தாங்கி, தன் விமானங்கள் இல்லாமல், மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது; காவலுக்கு வரவேண்டிய விமானங்கள் நேரத்துக்கு வந்து சேரவில்லை. ஒரே அவதானிப்பு துறைமுகத்துக்கும் விமானத்தளத்துக்கும் கடலில் நின்ற கப்பலுக்கும் வேண்டியிருந்தது. உங்கள் "அவதானிப்புச் சேவை"க்கு யார் யார் சந்தாதாரர், யாருக்கு எத்தனை நிமிடத்துக்குள் என்று எழுதிப் பார்க்க நல்ல பயிற்சி.

#15 வெருகலாள்

நல்ல உதாரணம். பாதுகாப்புப் பக்கம் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அது தனி இழைக்குரியது. செயலிக்குச் செயலி ரி.எல்.எஸ். போட்டால் நடுவில் உள்ள பிரதிநிதிக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. சுருக்கவும் முடியாது, பழையதை எறியவும் முடியாது. எனவே செய்தி ஒவ்வொன்றுக்கும் தனிப் பாதுகாப்பு, வகையும் ஆயுட்காலமும் மட்டும் பிரதிநிதி வாசிக்கக்கூடியதாக வெளியே. சுருக்குவது முதலில், மறைகுறியாக்கம் பிறகு. மாற்றிச் செய்தால் ஒரு பைட்டும் குறையாது.

கடிகாரமும் கவனம். சாதாரணப் படிகம் மில்லியனுக்கு 20 பங்கு பிசகினால் நாளுக்கு 1.7 செக்கன். ஜி.பி.எஸ். இல்லாமல் ஒரு வாரம் என்றால் 12 செக்கன், "எது புதியது" என்ற கேள்விக்குப் பிழையான பதில் வரத் தொடங்கும். ஒரே முனையின் செய்திகளைத் தொடரிலக்கத்தால் ஒழுங்குபடுத்துங்கள், நேரத்தால் அல்ல. கடிகார மின்கலம் செத்துக் கருவி 1970 இல் எழும்பினால் எந்தச் சான்றிதழும் "இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று தள்ளப்படும். திரையில் தெரிவது "இணைப்புப் பிழை" என்பது மட்டும். ஆட்கள் அன்ரனாவைத் திருகிக்கொண்டு நிற்பார்கள்.

#16 உவர்மலைப்பொடியன்

மூண்டு லப்டொப் கிடைக்கும். ரேடியோ இல்லாமல் இதையெல்லாம் எப்பிடிச் சோதிக்கிறது? நெட்எம் (லினக்சில வலையை வேணுமெண்டு மெதுவாக்கிற கருவி) போட்டு 1200 பிட், 5 செக்கன் தாமதம் வைச்சுப் பாத்தன். ஒரு மணித்தியாலத்துக்கு முந்தின செய்தி எல்லாம் வருது, செயலியில பிழை ஒண்டும் காணேல்லை.

#17 கிண்ணியா_நானா

செயலில பிழ இல்ல, நெட்எம்மின்ட வரிசை. வழமையா அது 1000 பொதி புடிச்சு வெச்சிக்கும். 1500 பைட் பொதி ஆயிரம் 1200 பிட்டுல காலியாக ரெண்டே முக்கால் மணித்தியாலம்! எல்லயப் பத்துக்குக் கொறைங்க.

நடு லப்டொப்ப ரேடியோவா வெச்சு, அதின்ட ரெண்டு முகத்துலயும் நெட்எம் போடுங்க. அது வெளிய போற பக்கம் மட்டும்தான் வேல செய்யும், ஒரு முகத்துல போட்டா ஒரு தெச மட்டும்தான் மெதுவாகும். இழப்ப சும்மா பத்து வீதம் என்டு வெக்காம கில்பர்ட்-எலியட் மாதிரியப் போடுங்க. ரேடியோவுல பொதி ஒன்டொன்டாத் தொலையிறதில்ல, கொத்தாப் போகும்.

அறுபடுறதுக்குக் கேபிளப் புடுங்க வாணாம். புடுங்கினா இயங்குதளத்துக்கு ஒடனே தெரிஞ்சி செயலிக்குப் பிழ சொல்லிரலாம். நெசத்துல லப்டொப்புக்கும் ரேடியோவுக்கும் இடயில உள்ள கேபிள் நல்லாத்தான் இரிக்கும், காத்துலதான் ஒன்டும் போகாது. நூறு வீத இழப்பு வையுங்க. 10 நிமிசம் மூடி 60 செக்கன் தெறந்து திரும்ப மூடுங்க. அந்த 60 செக்கன்ல எத்தன புதுச் செய்தி தாண்டிச்சு, அதான் ஒங்கட அளவுகோல்.

#18 உவர்மலைப்பொடியன்

எல்லையைப் பத்தாக்கினன் நானா. பழசு வாறது நிண்டுட்டுது. ஆனால் வரைபடத் துண்டு ஒண்டு போகேக்க ஒன்பது வரிச் செய்தியும் சேர்ந்து விழுது.

#19 கொட்டியாரக்காற்று

வரிசையைக் கேர்னலுக்கு (இயங்குதளத்தின்ர கருவுக்கு) விடாதேங்கோ, பிரதிநிதிக்குள்ள வையுங்கோ. கீழ ரெண்டு மூண்டு பொதிக்கு மேல நிக்கக்கூடாது. பிரதிநிதியில நாலு வரிசை: ஃபிளாஷ், இமீடியட், பிரையோரிட்டி, ரூட்டீன், படைச் செய்தியில உள்ள அதே முன்னுரிமை. மேல உள்ளது காலியானால்தான் கீழ உள்ளது போகும். நிறைஞ்சால் ரூட்டீனில இருந்து எறி. மொடம் "இப்ப தா" எண்டு சொல்லாத வகையெண்டால், தடவேகத்தின்ர 80 வீதத்துக்கு நீங்களே அளந்து விடுங்கோ.

அதுக்குப் பிறகும் ஒரு இடி இருக்கு. 1500 பைட் வரைபடத் துண்டு ஒண்டு 1200 பிட்டில புறப்பட்டுதெண்டால் 10 செக்கனுக்குத் தடம் அதின்ர கையில. ஃபிளாஷ் வந்தாலும் நடுவில நிப்பாட்ட ஏலாது. 250 பைட்டா வெட்டுங்கோ, 1.7 செக்கனில விடும். இதைப் பிரதிநிதியிலயே வெட்ட வேணும், இடைமுகத்தின்ர எம்.ரி.யூ.வை (ஒரு பொதியின்ர உச்ச அளவை) குறைச்சுச் செய்யப் பாக்காதேங்கோ: ஐ.பி.வி.6 ஓடுதெண்டால் 1280 க்குக் கீழ அது இறங்காது.

வரைபடத்தை ரேடியோவில அனுப்புறதே எதுக்கு? அதையும் புறப்பட முதல் வட்டில ஏத்திவிடுங்கோ.